பையைப் பிழிந்தால் பியர் துவர்க்குமா? (மாஷ் பாத்திரம் எது வாங்குவது)

கெட்டில் மாறன்:
முழுத் தானியத்தில் பியர் காய்ச்சத் தொடங்கும் ஒருவர் மாஷிங்குக்கு (முளைகட்டி உலர்த்திய தானியத்தை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவதற்கு) எந்தப் பாத்திரம் வாங்கலாம் என்று கேட்டார். அதற்கு நுரைவேந்தன், "தானியத்தைப் பையில் போட்டு ஊறவைப்பது விளையாட்டு, பையைப் பிழிந்தால் உமியிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் இறங்கி பியர் துவர்க்கும், சூடு காக்கும் கூலர் பெட்டியும் அதன் அடியில் போடும் துளைத்தட்டான ஃபால்ஸ் பாட்டமும் இல்லாமல் இதில் இறங்காதே" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பிழிவதால் டானின் வராது. சூடும் பிஎச்சும் (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) சேர்ந்துதான் உமியிலிருந்து டானினை இழுக்கும். தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டி, பிஎச்சும் 6-ஐத் தாண்டினால்தான் வம்பு. 66 டிகிரியில், பிஎச் 5.4-ல் கிடக்கும் மாஷை எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றும் ஆகாது.

நுரைவேந்தன்:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. பிழிந்த பியரைக் குடித்துவிட்டுத்தான் சொல்கிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கூலர் பெட்டியில் மாஷ் ஒரு மணி நேரத்துக்கு 1, 2 டிகிரிக்கு மேல் இறங்காது. தானியப் படுக்கையே வடிகட்டியாகிவிடும், முதலில் வரும் கலங்கலை மறுபடி மேலே ஊற்றினால் அப்புறம் வோர்ட், அதாவது இனிப்புச் சாறு, கண்ணாடி மாதிரி வரும். உன் பையில் மாவெல்லாம் கெட்டிலுக்குள் போகிறது.

கெட்டில் மாறன்:
பிழிவதைப் பற்றிக் கேட்டால் கூலரின் சூட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். பழைய ஜெர்மன் டிகாக்‌ஷன் முறையில் மாஷின் ஒரு பகுதியைத் தானியத்தோடு அடுப்பில் கொதிக்கவே வைக்கிறார்கள், 100 டிகிரி, உமியோடு! கெட்டி மாஷ், பிஎச் கீழே இருக்கிறது, அதனால் துவர்ப்பதில்லை. பெரிய ஆலைகளில் மாஷ் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது, தானியத்தை நைசாக அரைத்து, தகடுகளுக்கு நடுவே வைத்து, ரப்பர் சவ்வால் அழுத்திப் பிழிகிறது. அந்த பியரையெல்லாம் நாக்கில் ஒட்டுகிறது என்று கீழே கொட்டிவிட்டீர்களா? உண்மையில் டானினுக்குப் பயப்பட வேண்டியது ஃப்ளை ஸ்பார்ஜ் செய்கிறவர்கள்தான், அதாவது மேலே வெந்நீரை விட்டுக்கொண்டே அடியில் வடித்துத் தானியத்தைக் கழுவுகிறவர்கள். கடைசியில் வடிவது வெறும் நீர்த்த சாறு, பிஎச் ஏறிக்கொண்டே போகும், அடர்த்தி 1.010-க்குக் கீழே (வெறும் தண்ணீர் 1.000) போன பிறகும் விடாமல் வடிப்பார்கள். துவர்ப்பு வருவது அங்கே.

உமிச்செல்வி:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி, பேட்ச் ஸ்பார்ஜ் என்று ஒன்று இருப்பதே தெரியாதா? கூலருக்குள் ஸ்டீல் வலைக்குழாய் ஒரு துண்டைக் குழாயோடு மாட்டினால் போதும், ஃபால்ஸ் பாட்டமே வேண்டாம். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிக் கிளறி வடிக்கிறோம், அதனால் தண்ணீர் ஓரமாக வழி பண்ணிக்கொண்டு ஓடிவிடும் என்ற பயமும் கிடையாது. நுரைவேந்தன் ஐயா, ஓட்ஸ் போட்ட என் மாஷ் அடைத்துக்கொண்டபோது "குழாயை முழுசாகத் திற" என்று சொன்னது நீங்கள்தானே? படுக்கை அப்படியே இறுகி, சொட்டுக்கூட வரவில்லை.

நுரைவேந்தன்:
கோதுமைக்கும் தட்டையாக்கிய ஓட்ஸுக்கும் உமி கிடையாது, நெல் உமி கலக்காமல் போட்டது உங்கள் தப்பு. மில்லின் இடைவெளியை 1 மில்லிமீட்டருக்கும் கீழே இறுக்கி மாவாக அரைத்திருப்பீர்கள். என் ஃபால்ஸ் பாட்டம் ஒருநாளும் அடைத்ததில்லை. தானியத்திலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையில் எனக்கு 82 சதவீதம் கிடைக்கிறது. பைக்காரர்கள் 70 தாண்டட்டும், பிறகு பேசலாம்.

கெட்டில் மாறன்:
எனக்கு 78 வருகிறது, பிழிவதால்தான் வருகிறது. 5 கிலோ தானியம் சும்மா வடியவிட்டால் ஏறக்குறைய 5 லிட்டர் வோர்ட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். அது தண்ணீர் இல்லை, சர்க்கரை. பையைத் தூக்கிக் கெட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மூடிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு சாறு இறங்கும் பாருங்கள், அதைத்தான் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். படுக்கை தேவையில்லாததால் நான் தாராளமாக நைசாக அரைக்கலாம், அடைப்புக்கு இடமே இல்லை.

புதுக்காய்ச்சி:
அண்ணே, கேட்டது நான்தான். 20 லிட்டர் பியர்தான் வேண்டும். ஒரு பாத்திரம் சொல்லுங்கள்.

கெட்டில் மாறன்:
40 லிட்டர் கெட்டில், அதன் அடிவரை போகிற பை, அவ்வளவுதான் தம்பி. 5 கிலோவுக்கு 30 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தானியத்தோடு 34-க்குள் நிற்கும். பை எரியாமல் இருக்க அடியில் ஒரு தட்டு போடு, ஒரு மணி நேரம் கம்பளியால் சுற்றி வை, பிறகு நன்றாகப் பிழி. துவர்க்காது.

நுரைவேந்தன்:
துவர்க்கும். தம்பி, அவர் பேச்சைக் கேட்டால் 34 லிட்டர் சூடான மாஷிலிருந்து சொட்டச் சொட்டப் பையைத் தூக்க முதுகு வேண்டும், அதையும் கேட்டுக்கொள்.

கெட்டில் மாறன்:
கப்பியும் கயிறும் எதற்கு இருக்கின்றன? மறுபடி பேச்சை மாற்றுகிறீர்கள். பிஎச் 6-க்குக் கீழே, சூடு 77-க்குக் கீழே இருக்கும்போது பிழிந்தால் டானின் எப்படி வரும், அதை மட்டும் சொல்லுங்கள்.

நுரைவேந்தன்:
நாக்கு சொல்கிறது. பிஎச் மீட்டர் பியர் குடிக்காது.

உமிச்செல்வி:
ஐயா, அந்த மாஷில் நெல் உமி போட்டிருந்தேன், அதை அப்போதே எழுதியும் இருந்தேன். குழாயைத் திறக்கச் சொன்னதற்குப் பதில் இன்னும் வரவில்லை.