முன்பே தகுதி பெற்ற அணிகளுக்குத் தகுதிச்சுற்றில் என்ன வேலை?

வளவன்:
பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான மகளிர் கூடைப்பந்துத் தகுதிச்சுற்று 2024 பிப்ரவரியில் ஆண்ட்வெர்ப் (பெல்ஜியம்), ஷியான் (சீனா), சோப்ரோன் (ஹங்கேரி), பெலெம் (பிரேசில்) ஆகிய நான்கு நகரங்களில் நடந்தது. நகரத்துக்கு நான்கு அணிகள் ஆட வேண்டும், அவற்றில் மூன்று பாரிஸ் செல்லும் என்பது ஏற்பாடு. 2022 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்காவுக்கும், ஒலிம்பிக்கை நடத்தும் பிரான்ஸுக்கும் இடம் முன்பே உறுதியாகிவிட்டது. ஆனாலும் அமெரிக்கா ஆண்ட்வெர்ப்பிலும், பிரான்ஸ் ஷியானிலும் களமிறங்கின. அந்த இரு நகரங்களிலும் மற்ற மூன்று அணிகளுக்கு எஞ்சியவை இரண்டே இடங்கள். தோற்றாலும் இழப்பதற்கு எதுவுமில்லாத ஓர் அணியை, வாழ்வா சாவா என்று ஆடும் அணிகளுக்கு நடுவே நிறுத்துவது போட்டியின் பெயருக்கே பொருந்தவில்லை. அவ்விரு அணிகளையும் விலக்கிவிட்டு, மீதமுள்ள 14 அணிகளைப் பத்து இடங்களுக்கு மோதவிடுவதே முறை என்பது என் கருத்து.

நிறைமதி:
வளவன் அவர்களின் கருத்தை ஏற்க இயலவில்லை. வெற்றிகளின் எண்ணிக்கையில் சமநிலை ஏற்பட்டால், சமநிலையில் உள்ள அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே ஆண்ட்வெர்ப்பில் அமெரிக்காவிடம் நைஜீரியா 46-100 என்று தோற்றதால் அதன் வாய்ப்பு ஒரு சிறிதும் குறையவில்லை. அதே பிரிவில் இருந்த செனகலை வென்றதே போதுமானதாயிற்று. கிடைத்த பயனையும் பாருங்கள். பெண்கள் தேசிய அணிகளுக்கு ஓராண்டில் கிடைக்கும் பெரிய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆண்ட்வெர்ப்பில் பெல்ஜியம் கடைசி நொடிவரை அமெரிக்காவைச் சமநிலையில் நிறுத்தியது. ஆட்டம் முடியும் மணி ஒலிக்கும் தருவாயில் பிரியானா ஸ்டூவர்ட் வளையத்தருகே இட்ட பந்தால்தான் 81-79 என்று அமெரிக்கா தப்பியது. இழக்க எதுவுமில்லாத அணி ஆடிய ஆட்டமா அது?

வளவன்:
அந்த ஆட்டத்தின் அழகை நான் மறுக்கவில்லை. நைஜீரியாவின் தோல்வி எதையும் மாற்றவில்லை என்று நீங்களே சொல்லும்போது, எதையும் மாற்றாத ஆட்டத்தைத் தகுதிச்சுற்றுக்குள் வைப்பானேன்? அதை நட்புமுறை ஆட்டமாக நடத்தலாமே. இந்தக் குறை அமெரிக்காவோடு நிற்கவுமில்லை. நான்கில் மூன்று தேறும் என்ற விதியால், பாதி வழியிலேயே பாதுகாப்பாக அமர்ந்துவிடும் அணிகள் எல்லா நகரங்களிலும் உருவாகின்றன.

சோப்ரோனின் இறுதி நாளையே எடுத்துக்கொள்வோம். கனடா ஜப்பானிடம் தோற்று, ஒரே வெற்றியோடு தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டது. அடுத்து ஸ்பெயினும் ஹங்கேரியும் மோதின. ஹங்கேரி வென்றிருந்தால் ஸ்பெயினும் கனடாவும் ஒரு வெற்றியில் சமமாகியிருக்கும். கனடாவை ஸ்பெயின் முன்பே வென்றிருந்ததால் ஸ்பெயின் தேறியிருக்கும். ஆக, அந்த ஆட்டம் தொடங்கும்போதே ஸ்பெயினுக்குப் பாரிஸ் பயணம் உறுதி. கனடாவா ஹங்கேரியா என்பதை, இரண்டில் எது நடந்தாலும் பாதிக்கப்படாத மூன்றாவது அணி முடிவு செய்யும் நிலை ஏற்பட்டது.

நிறைமதி:
முடிவு என்ன ஆனது என்பதையும் எழுதியிருக்கலாம். வெகுவாகப் பின்தங்கியிருந்த ஸ்பெயின், தனக்குத் தேவையே இல்லாத ஓர் ஆட்டத்தில் விடாமல் துரத்திப் பிடித்து 73-72 என்று வென்றது. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஒரே புள்ளியில் ஹங்கேரி ஒலிம்பிக்கை இழந்தது. ஹங்கேரியை முன்பே வென்றிருந்த கனடா, அந்த ஆட்டத்தில் விளையாடாமலே பாரிஸ் சென்றது. ஆட்டத்தின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

இளமாறன்:
இருவரின் விவாதத்தையும் படித்தேன். ஸ்பெயின் நேர்மையாக ஆடியது அந்த வீராங்கனைகளின் பெருமை. அதை விதிமுறையின் பெருமையாக எழுதுவது சரியாகாது. என் மனக்குறை வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கிற்காக 2020 பிப்ரவரியில் நடந்த தகுதிச்சுற்றில், செர்பியாவின் பெல்கிரேடில் நைஜீரியாவும் மொசாம்பிக்கும் அமெரிக்கா, செர்பியாவுடன் ஒரே பிரிவில் இருந்தன. 2024-இல் நைஜீரியாவும் செனகலும் அமெரிக்கா, பெல்ஜியத்துடன் ஒரே பிரிவில் இருந்தன. இரு முறையும் ஆப்பிரிக்காவின் இரண்டு அணிகளையும் ஒன்றாக அடைத்து, உடன் அமெரிக்காவையும் வைத்தார்கள். 2024-இல் ஐரோப்பாவிலிருந்து வந்தவை ஆறு அணிகள். அவை நான்கு நகரங்களிலும் பரவியிருந்தன. கிகாலியில் 2023 ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மோதிய அதே நைஜீரியாவும் செனகலும், சில மாதங்களில் ஆண்ட்வெர்ப்பிலும் ஒன்றையொன்று வெளியேற்ற வேண்டிய நிலை வந்தது.

நிறைமதி:
இளமாறன் அவர்களுக்கு: அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் கருதுங்கள். அமெரிக்காவின் இடம் தனி. மீதி மூன்று அணிகளில் இரண்டு ஆப்பிரிக்க அணிகள் என்றால், இரண்டு இடங்களில் ஒன்றாவது அந்தக் கண்டத்துக்குப் போய்ச் சேரும். செனகலைச் சோப்ரோனிலும் நைஜீரியாவைப் பெலெமிலும் போட்டிருந்தால் இரண்டுமே வெறுங்கையோடு திரும்பியிருக்கக்கூடும்.

இளமாறன்:
ஓர் இடம் உறுதி என்பது உண்மையே. ஆனால் பெல்ஜியத்தையோ செர்பியாவையோ வீழ்த்தினால் ஒழிய இரண்டாவது இடம் இல்லை என்பதும் அதே ஏற்பாட்டின் விளைவுதான். பாரிஸில் நைஜீரியா ஆஸ்திரேலியாவை 75-62 என்றும், கனடாவை 79-70 என்றும் வென்று காலிறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கூடைப்பந்தில், ஆண்களோ பெண்களோ, காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி அதுவே. தகுதிச்சுற்றில் ஒரே ஒரு வெற்றி பெற்று வந்த அணி என்று அதைக் குறைத்துப் பேசியவர்கள், அந்தப் பிரிவில் அதற்கு எத்தகைய எதிரிகள் வாய்த்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை காலம் சலுகை தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கண்டத்தையே ஒரே அறையில் பூட்டி வைப்பது?

வளவன்:
ஒரே வெற்றி போதும் என்ற நிலை வீராங்கனைகளை என்ன பாடுபடுத்துகிறது என்பதற்கும் பெல்கிரேடே சாட்சி. 2020-இல் அங்கேயே நடந்த மற்றொரு பிரிவில் தென் கொரியா முதலில் ஸ்பெயினிடம் 46-83 என்று தோற்றது. சீனாவை வெல்வது கடினம் என்பதால் பிரிட்டனுடனான ஆட்டமே எல்லாமாயிற்று. அன்று கொரியப் பயிற்சியாளர் ஆறே வீராங்கனைகளைக் களமிறக்கினார். அவர்களில் மூவர் 40 நிமிடங்களும் ஓய்வின்றி ஆடினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் பாதிப்பேர் இருக்கையை விட்டு எழவே இல்லை. 82-79 என்று வென்று டோக்கியோவுக்கு இடம் பிடித்தார்கள். மறுநாள் சீனாவிடம் 60-100 என்று சரிந்தார்கள். வெற்றி பெற்றும் அந்தப் பயிற்சியாளர் தம் நாட்டில் கடும் கண்டனத்துக்கு ஆளானார். டோக்கியோவுக்கு வேறொருவர் பயிற்சியாளராகச் சென்றார்.

நிறைமதி:
அதே கொரியா டோக்கியோவில் ஸ்பெயினிடம் எத்தனை புள்ளியில் தோற்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 69-73. பெல்கிரேடில் 37 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கப்பட்ட அணி, ஒலிம்பிக்கில் நான்கு புள்ளி வரை நெருங்கியது. நான்கில் இரண்டுதான் தேறும் என்றிருந்தால் அந்த ஆட்டமே நடந்திருக்காது. ஆறு பேரை வைத்து ஆடியது பயிற்சியாளர் எடுத்த முடிவு. அதை விதியின் தலையில் சுமத்த நான் உடன்படவில்லை. ஆப்பிரிக்க அணிகளைப் பிரித்துப் போட வேண்டும் என்ற இளமாறனின் கோரிக்கையில் மட்டும் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது; நைஜீரியாவின் பாரிஸ் ஆட்டங்களுக்குப் பிறகு அதை மறுக்கக் காரணம் தெரியவில்லை.

இளமாறன்:
அப்படியானால் அமெரிக்கா ஆடட்டும், எனக்குத் தடையில்லை. செனகலை வேறு நகரத்துக்கு அனுப்புங்கள். அங்கே தோற்று வெளியேறினாலும் ஹங்கேரியிடமோ பிரேசிலிடமோ தோற்று வெளியேறட்டும்.