பழைய காரின் ரேடியேட்டரைக் குளிர்விக்க எலக்ட்ரிக் ஃபேன்: உங்களைப் படுத்தி எடுத்த சம்பவம் எது?

பத்மினி_வேலூர்:
என் பத்மினி காரில் முந்தைய ஓனரே மாருதி 800 ஃபேனை மாட்டி வைத்திருந்தார். மே மாத வெயிலில் பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கீயை ஆஃப் செய்தேன். இன்ஜின் நிற்கவில்லை. கீயை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன், அப்போதும் ஓடுகிறது! பெட்ரோல் போட வந்த பையன் என் கையையும் பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஃபேன் வேகம் குறையக் குறைய இன்ஜினும் தளர்ந்து, ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது.

கேட்ட மெக்கானிக் எல்லாம் டைமிங், கார்புரேட்டர் என்றே சொன்னார்கள். ஆனால் ஃபேன் ஓடாத நேரத்தில் கீயைத் திருப்பினால் உடனே நிற்கிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் அதே முனையிலிருந்து ஃபேனுக்கு நேராக இழுத்திருக்கிறார்கள். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சான ரிலேயே கிடையாது. கீயை அணைத்த பிறகும் சுற்றும் மோட்டார் ஜெனரேட்டர் வேலை பார்த்துக் காயிலுக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறது. ரிலே போட்டதும் சரியாகிவிட்டது. இருந்தாலும் கீயை உருவும்போது இன்னும் காது பானெட் பக்கம்தான் போகிறது.

மைனர்_யாழ்ப்பாணம்:
மொரிஸ் மைனர் கார், பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் பொடியோடு (உடல் தகட்டோடு) பூட்டியிருக்கும். கராஜில் ஃபேன் பூட்டித் தந்தார்கள். நல்லூர்த் திருவிழா நேரம், சனத்துக்குள் ஊர்ந்து போகிறேன். ஃபேனைப் போட்டால் சூட்டு ஊசி ஏறுகிறது, நிற்பாட்டினால் கொஞ்சம் இறங்குகிறது. விசர் பிடிக்காத குறை.

ஓரமாக நிறுத்தினேன். பழைய டாக்சிக்கார ஐயா ஒருவர் வந்து பத்திரிகைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டிய தாள், அவர் கையை விட்டதும் றோட்டுக்குப் பறந்தது. "தம்பி, இது காத்தை வெளியில தள்ளுது" என்றார். கராஜ்காரர்கள் வழமை போலச் சிவப்பு வயரை லைவுக்கும் கறுப்பை பொடிக்கும் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காரில் பொடிதானே பொசிட்டிவ்! மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. இரண்டு வயரையும் இடம் மாற்றிவிட்டு, ஐயா தந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனேன்.

அம்பாசடர்_தாம்பரம்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். மழை இரவு, ஜிஎஸ்டி ரோட்டில் நெரிசல். ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடும்போது ஃபேனும் போட்டுக்கொண்டது. விளக்கு மஞ்சளாகி, ஹாரன் மாடு முனகுவது போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

பத்மினி நண்பரே, ரிலே போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். முதலில் இன்ஜினால் சுற்றிக் கரண்ட் தருவது பழைய டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஃபேன் ஒன்றே 10 ஆம்பியர் தின்னும், கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஆக, ஃபேன் அதிகம் தேவைப்படும் நெரிசலில்தான் பேட்டரி காலியாகும். அப்புறம் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக எடுங்கள், வேறு எங்கிருந்தும் கூடாது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 87 ஃபேனுக்கு. 86-க்கு இக்னிஷன், 85-ஐ, தண்ணீர் சூடேறினால் போட்டுக்கொள்ளும் தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, தூரம் அதிகமென்றால் 4. எர்த்தை ரேடியேட்டர் சட்டத்தில் பெயிண்ட் மேல் முடுக்காதீர்கள், சுரண்டிவிட்டு முடுக்குங்கள். ரேடியேட்டர் துடுப்புக்குள் பிளாஸ்டிக் கட்டைக் கோத்து ஃபேனைத் தொங்கவிடுவார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். அதிர்ந்து அதிர்ந்து டியூபை அறுத்துவிடும். தெர்மோ ஸ்விட்சின் முனை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மேலே காற்று அடைத்திருந்தால் தண்ணீர் கொதித்தாலும் அது போடாது.

பத்மினி_வேலூர்:
அண்ணா, என் வண்டியில் ஆல்டர்னேட்டர்தான். கேட்டது அனுபவம் மட்டும் :)

ஜீப்_கம்பம்:
"பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, வேறு எங்கிருந்தும் கூடாது" என்பதை ஏற்க மாட்டேன். டாஷ்போர்டில் அம்மீட்டர் (பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டிக்கு அது ஒத்து வராது. என் ஜீப்பில் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். குமுளி ஏறும்போது ஊசி பிளஸ் 10-ஐத் தாண்டி நின்றது, இறங்கவே இல்லை. பேட்டரி வெந்துவிடும் என்று சொல்லி எலக்ட்ரீஷியன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார். மாற்றியும் அதே கதை. கடைசியில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

ஆல்டர்னேட்டர் கரண்ட் அம்மீட்டர் வழியாகப் பேட்டரி முனைக்கு வந்து, அங்கிருந்து ஃபேனுக்குப் போகிறது. மீட்டருக்கு அது சார்ஜ் போலத்தான் தெரியும். அம்மீட்டருக்கு ஆல்டர்னேட்டர் பக்கத்து முனையிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுத்தால், மீட்டர் பேட்டரி கணக்கை மட்டும் காட்டும்.

அம்பாசடர்_தாம்பரம்:
இன்ஜின் நின்ற பிறகு ஃபேன் ஓடினால் மொத்த லோடும் அம்மீட்டர் வழியாகத்தானே போகும்? நாற்பது வருஷப் பழைய மீட்டரின் நட்டு லூசாக இருந்தால் டாஷுக்குள்ளேயே புகையும். எனக்கு மீட்டர் பொய் சொன்னாலும் பரவாயில்லை.

ஜீப்_கம்பம்:
86-க்கு இக்னிஷன் கொடுக்கச் சொன்னதே நீங்கள்தான். கீ ஆஃப் ஆனால் உங்கள் ஃபேன் எப்படி ஓடும்?

குன்னூர்_ஏற்றம்:
சண்டைக்கு நடுவில் என்னுடையதும். பர்லியாறு தாண்டி ஃபேன் நின்றது. ஃபியூஸை உருவ முயன்றால் ஹோல்டரோடு சேர்ந்து வருகிறது. பிளாஸ்டிக் உருகி மெழுகாக வழிந்து, ஃபியூஸின் ஒரு கால் கறுத்திருக்கிறது. ஆனால் ஃபியூஸின் உள்ளே கம்பி அறுபடவே இல்லை! பிடிப்பு தளர்ந்து அந்த இடத்திலேயே சூடு ஏறியிருக்கிறது. கரண்ட் அளவுக்குள்தான் இருந்ததால் ஃபியூஸ் கண்டுகொள்ளவில்லை. இப்போதெல்லாம் அரை மணி நேரம் ஓட்டியதும் ஹோல்டரைத் தொட்டுப் பார்ப்பேன். கை பொறுக்காவிட்டால் மாற்றிவிடுவேன்.

ஹெரால்டு_மயிலாப்பூர்:
நடுராத்திரி வாட்ச்மேன் கதவைத் தட்டி, "சார், உங்க வண்டி தானா ஓடுது" என்றார். பனியனோடு இறங்கிப் போனேன். கார் பூட்டியிருக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது, ஃபேன் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது. தெர்மோ ஸ்விட்ச் வயரைக் கழற்றினேன், நிற்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலே தலையில் ஒரு தட்டு தட்டினேன், நின்றுவிட்டது. மறுநாள் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கான்டாக்டும் உருகி ஒட்டிய தழும்பு. மூடியில் 40 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது, உள்ளே இருந்த செப்புப் பட்டையோ நகக்கீறல் அளவுதான். இப்போது 30 ஆம்பியர் என்று போட்ட, கையில் கனமாக இருக்கிற ரிலேதான் வாங்குகிறேன். வாட்ச்மேன் மட்டும் இன்னும் ராத்திரி அந்தப் பக்கம் டார்ச் அடித்துவிட்டுத்தான் போகிறார்.