அம்பாப் பாட்டுகளை சி மொழிப் புரோகிராமால் எழுதினால் வரிகள் ஒட்டிக்கொள்கின்றன

சல்லிப் பொடியன்:
வணக்கம். அம்மப்பா கரைவலை இழுத்த காலத்து அம்பாப் பாட்டுகளை அவர் சொல்லச் சொல்ல டைப் செய்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். கம்பஸ் பயிற்சியாக, அதைப் படித்து இன்னொரு ஃபைலில் எழுத சி-யில் ஒரு புரோகிராம். முதலில் எஃப்ஸ்கேன்எஃப் என்ற படிக்கும் ஃபங்ஷனில் %எஸ் (ஒவ்வொரு சொல்லாகப் படி என்ற குறி) போட்டுப் படித்து, இடையில் ஸ்பேஸ் விட்டு எழுதினேன். எல்லாம் ஒரே பத்தி. அதை வாசித்துக் காட்டியபோது "இதில எங்கடா இழுக்கிறது?" என்று கேட்டார். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கும் பாட்டு. வரி முடியும் இடம் தெரியாவிட்டால் பாட்டு நிற்காது.

பிறகு, படித்ததை வைக்க 40 அளவில் அரே (வரிசையான இடம்) வைத்து, வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸுக்கு மாறினேன். இப்போது வரிகள் நடுவிலும் முறிகின்றன. முறிந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டங்கள். ஃபைலின் கடைசி எழுத்தும் அப்படித்தான். எஸ்டிஆர்லென் தரும் நீளத்தில் ஒன்று குறைத்த இடத்தில் 0 (இத்தோடு முடிந்தது என்ற குறி) போட்டு வரி முடிவை வெட்டுகிறேன், எழுதும்போது \என் (வரி முடிவுக் குறி) சேர்க்கிறேன். எங்கே பிசகு?

உப்புவெளி உப்பு:
%எஸ்-க்கு ஸ்பேஸும் வரி முடிவும் ஒன்றுதான், இரண்டையும் தாண்டிப் போய்விடும். கெட்ஸ் போட்டுப் பாருங்கள், வரி முடிவை அதுவே எடுத்துவிடும்.

மூதூர்க்காரன்:
தம்பி, கெட்ஸ் பக்கமே போக வேண்டாம். அது ஃபைலைப் படிக்காது, கீபோர்ட் உள்ளீட்டைத்தான் படிக்கும். அரே எவ்வளவு பெரிது என்றும் அதற்குத் தெரியாது. 2011 சி தரத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள்.

உங்கள் 40-க்கு வருவோம். அது 40 எழுத்து இல்லை, 40 பைட். தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட். 'கோ' என்றால் ககரமும் ஓகாரக் குறியுமாக 6. 'ஏலேலோ' ஒன்றே 15 பைட் தின்னும். எஃப்கெட்ஸ் ஓர் இடத்தை 0-க்கு ஒதுக்கிவிட்டு அதிகபட்சம் 39 பைட் எடுக்கும், மீதி அடுத்த சுற்றில் வரும். அந்த முதல் துண்டின் முடிவில் வரி முடிவே கிடையாது. இருப்பதாக நினைத்து நீங்கள் வெட்டுவது ஒரு தமிழ் எழுத்தின் கடைசி பைட்டை. கட்டம் வராமல் என்ன செய்யும்! போதாததற்கு, அங்கே இல்லாத \என் ஒன்றையும் சேர்க்கிறீர்கள். கடைசி எழுத்துக்கும் இதே கதைதான். ஃபைல் முடிவில் என்டர் அடித்திருக்க மாட்டீர்கள்.

நகலெடுக்க மட்டும் என்றால் வெட்டவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். எஃப்கெட்ஸ் வரி முடிவோடுதான் தரும், எஃப்புட்ஸ் கொடுத்ததை அப்படியே எழுதும். (புட்ஸ் வேறு, அது தன் பங்குக்கு ஒரு \என் போடும்.) இப்படிச் செய்தால் அரே சின்னதாக இருந்தாலும் துண்டுகள் தாமாகச் சேர்ந்துவிடும், பாட்டுகளுக்கு இடையே விட்ட வெற்று வரியும் தப்பும். எஃப்கெட்ஸ் நல் (இனிப் படிக்க எதுவும் இல்லை) தரும்வரை சுற்றுங்கள். ஃபைல் முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப்-ஐ நம்பிச் சுற்றினால் கடைசி வரி இரண்டு தரம் வரும். பாடப்புத்தகங்களில் இதை இன்னும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்களோ தெரியாது.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எஸ்டிஆர்சிஸ்பிஎன் கொண்டு \என் இருக்கும் இடத்தைத் தேடி அங்கே 0 போடுங்கள். \என் இல்லாவிட்டால் எதுவும் கெடாது.

சல்லிப் பொடியன்:
அண்ணா, சரி வந்துவிட்டது! என் உபுண்டு லினக்ஸில் வரிகள் எல்லாம் ஒழுங்கு. ஆனால் பிரிண்ட் எடுக்க டவுனுக்குக் கொண்டுபோனால், கடை நோட்பேடில் மறுபடியும் எல்லாம் ஒரே வரி.

மூதூர்க்காரன்:
கடையில் விண்டோஸ் 7 ஆக இருக்கும். ஃபைலில் ஒரு பிழையும் இல்லை. உபுண்டுவில் வரி முடிவு என்றால் 10 என்ற ஒரே பைட். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு. பழைய நோட்பேட் தனியாக நிற்கும் 10-ஐக் கண்டுகொள்ளாது, 2018 இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் அதற்குப் புத்தி வந்தது. இதே புரோகிராமை விண்டோஸில் கம்பைல் செய்து ஓட்டினால், 'டபிள்யூ' (எழுதுவதற்கு) என்று திறந்த ஃபைலில் 13 தானாகவே சேரும். 'டபிள்யூபி' (பைட்டுகளை மாற்றாமல் எழுதுவதற்கு) என்று திறந்தால் சேராது. உபுண்டுவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பிரிண்டுக்கு இதெல்லாம் எதற்கு? வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கடைக் கொம்பியூட்டரில் தமிழ் ஃபொன்ட் இருக்கிறதா என்றும் பார்க்கத் தேவையில்லை.