பன்னண்டாவது முடிச்சு நின்னுபோன பிள்ளைங்க திரும்பக் கல்லூரிக்குப் போன அனுபவம் (தருமபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க சொல்லுங்க)

ஏரியூர்க்காரி:
என் அக்கா மக பன்னண்டாவது பாஸ் பண்ணிட்டு வீட்டுல உக்காந்து புளி கொட்டை எடுத்துட்டு இருந்தா. அவங்கப்பாவுக்குப் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. ஒருநாள் பள்ளிக்கூடத்துல இருந்து போன். "பாப்பா எந்தக் காலேஜ்ல சேர்ந்திருக்கு?" எங்கேயும் இல்லைன்னதும், "உயர்வுக்குப் படி முகாம் நடக்குது, கட்டாயம் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. யார் மேல படிக்கல, யார் சேரலன்னு பள்ளிக்கூடத்துல லிஸ்ட் எடுத்துக் கூப்பிடுறாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்.

முகாம்ல ஐடிஐ, பாலிடெக்னிக், கலைக்கல்லூரி, கல்விக்கடன்னு ஆளாளுக்கு ஒரு மேசை. மாமா கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமா நின்னார். அவருக்குப் பணம் ஒரு கவலையே இல்லை. "இவளைப் படிக்க வெச்சா, இவளைவிடப் படிச்ச மாப்பிள்ளையில்ல தேடணும்!" மேசையில இருந்த மேடம் வாதாடவே இல்லை. பாரத்தை எழுதிக்கிட்டே, "புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வரும், பொண்ணு பேர்ல இருக்கிற அக்கவுன்ட்டுலயே விழும்"னாங்க. "அவ பேர்லயா?"ன்னு மாமா ரெண்டு தடவை கேட்டார். ஆறாவதுல இருந்து பன்னண்டு வரைக்கும் அரசுப்பள்ளிங்கறதால தகுதியில பிரச்சனை இல்லை. பென்னாகரம் அரசு கலைக் கல்லூரியில சீட்டு கிடைச்சுது.

கூத்து அதுக்கப்புறம்தான். கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் பணம் ஏறுது, இவளுக்கு மட்டும் மூணு மாசமா ஒண்ணும் வரலை. மாமா "பாத்தியா, எல்லாம் வெறும் பேச்சு"ன்னு ஆரம்பிச்சுட்டார். கல்லூரியில கேட்டா யூமிஸ்ல (காலேஜ் பிள்ளைங்க விவரம் பதியற அரசாங்க இணையதளம்) பேர் சரியா இருக்குதுங்கறாங்க. கடைசியில பேங்க்ல ஒரு தம்பி ஆதார் நம்பரைப் போட்டுப் பாத்துட்டு, "பணம் போகுதுக்கா, ஆனா இந்த பேங்க்குக்கு இல்லை"ன்னான். எட்டாவது படிக்கிறப்ப ஸ்காலர்ஷிப்புக்காக வேற பேங்க்ல தொடங்கின ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட்லதான் ஆதார் ஒட்டியிருந்திருக்கு. அந்த பாஸ்புக்கை அரிசி டப்பாவுக்கு அடியில இருந்து தேடி எடுத்து என்ட்ரி போட்டா, மூவாயிரம் வரிசையா நிக்குது. மாமா அதை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார்.

பர்கூர் பையன்:
பையன்களுக்கும் அதே மாதிரி மாசம் ஆயிரம் தர்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல வந்துச்சு. எனக்கும் கிடைக்குது, பொய் சொல்லலை. ஆனா மாங்கூழ் ஃபேக்டரி சீசன்ல ரெண்டு மூணு நாள் போனாலே அந்த ஆயிரம் கையில வந்துடும். எங்க கிளாஸ்ல நின்னவனுங்க யாரும் ஃபீஸ் கட்ட முடியாம நிக்கலை. அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னா மூத்தவன் ஓசூர் வண்டி ஏறிடறான், அவ்வளவுதான். அதுக்கு என்ன திட்டம் போடுறதுன்னு எனக்கும் தெரியலை.

கௌரவ விரிவுரையாளர்:
பேர் மட்டும்தான் கௌரவம், சம்பளம் தொகுப்பூதியம். மே மாசத்துக்கு அதுவும் கிடையாது. கல்லூரி பேரைச் சொல்ல மாட்டேன். எங்க துறையில நிரந்தர ஆசிரியர் ஒருத்தர், மீதி எல்லாம் எங்களை மாதிரி ஆளுங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற வேலை நல்லாவே நடக்குது, அதுல குறை சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துக்கே ஐம்பது ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்குப் பதிவுக் கட்டணம் ரெண்டு ரூபாய் மட்டும். ஆனா உள்ளே வந்த பிள்ளைக்குப் பாடம் எடுக்க ஆள் நிலையா இருக்கணுமில்லையா? போன வருஷம் எனக்குப் பக்கத்துச் சீட்டுல இருந்தவர் பாதியிலேயே தனியார் பள்ளிக்குப் போயிட்டார். அவர் பேப்பரையும் நான்தான் எடுத்தேன்.

இன்னொண்ணு, பஸ். மலைக்கிராமத்துப் பிள்ளைங்க கடைசி பீரியட்ல ஜன்னலையே பாத்துட்டு இருக்கும். அந்த ஒரு வண்டியை விட்டா இருட்டுல நடக்கணும். நான் இப்ப முக்கியமான பாடத்தையெல்லாம் காலையிலேயே முடிச்சுடறேன்.

ஊத்தங்கரை அம்மா:
அரசுப்பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல பையன் இன்ஜினியரிங் சேர்ந்தான். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் ரெண்டும் அரசாங்கமே கட்டும்னு தெரிஞ்சுதான் போனோம். சேர்ற அன்னிக்குத் தனியார் கல்லூரியில "இதர கட்டணம்"னு ஒரு துண்டுச்சீட்டு நீட்டினாங்க. ரசீது கொடுங்கன்னேன். சீட்டைத் திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

ஏரியூர்க்காரி:
ஊத்தங்கரை அம்மா, சபாஷ்! பர்கூர் தம்பி, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குது? சார், எங்க பிள்ளையும் அந்தச் சாயங்கால பஸ்தான். பணம் வரலைன்னு இருக்கிறவங்க முதல்ல ஆதார் எந்த அக்கவுன்ட்ல ஒட்டியிருக்குன்னு பேங்க்ல கேளுங்க. பழைய பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க.