மாயவரம் வீடு குரூப்: நிலா கால் விஷயம்

ராஜி: அப்பா சதாபிஷேகத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. பத்திரிகை நாளைக்கு அச்சுக்குப் போகுது. காலைல திருக்கடையூர்ல ஹோமம் அபிஷேகம், சாயங்காலம் நம்ம ஊர் மண்டபத்துல பேத்தி நிலா நடனம்னு எழுதிக் குடுத்திருக்கேன். செந்தில் அவ என்ன பாட்டுக்கு ஆடப்போறான்னு கேட்டுச் சொல்லுடா, மைக் செட்காரர் பென்டிரைவ் கேக்கறார்

செந்தில்: அக்கா நைட் கூப்பிடறேன்

ராஜி: இங்கயே சொல்லு. எல்லாருக்கும் தெரியட்டும்

கவிதா: அண்ணி நிலாவால ஆட முடியாது. பாதத்து எலும்புல விரிசல். கால் அசையாம இருக்க முழங்கால் கீழ வரைக்கும் பூட் போட்டிருக்கா. பத்திரிகைல அவ பேர் வேண்டாம்

சாந்தி: ஐயோ

சாந்தி: எப்போ?? விழுந்துட்டாளா

ராஜி: என்ன கவிதா இதப் போய் இப்ப சொல்ற

முரளி: சமையல்காரர்ட்ட 350 இலைன்னு சொல்லியிருக்கேன். கூடுமா குறையுமா

சிவகுமார்: எந்த எலும்பு. எக்ஸ்ரேயப் போட்டோ எடுத்து அனுப்பு

கவிதா: விழல அக்கா. நவம்பர்லேர்ந்தே பாதத்துக்கு மேல வலிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தா, ஐஸ் வச்சா கொறையும் கிளாஸ் போனா திரும்ப வரும், எக்ஸ்ரே எடுத்தோம் அதுல ஒண்ணும் தெரியல, சரின்னு அவளும் போயிட்டே இருந்தா, டிசம்பர் கடைசில ஒரு நாள் காலைல எழுந்து பாத்ரூம் போறதுக்கே சுவத்தப் புடிச்சுக்கிட்டு நொண்டினா, அப்பறம்தான் எம்ஆர்ஐ. ரெண்டாவது விரலுக்குப் போற எலும்போட அடில ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராம். ஆறு வாரம் பூட், அதுக்கப்பறம் பாத்துட்டு சொல்றேன்னார் டாக்டர். பாயின்ட் ஷூ, அதான் நுனிவிரல்ல நின்னு ஆடற பாலே ஷூ, அதப் பத்தி இப்போதைக்கு பேச்சே எடுக்கக் கூடாதாம்

கார்த்தி: பாவம் நிலா 😢

சிவகுமார்: எக்ஸ்ரேல தெரியாத விரிசல் எம்ஆர்ஐல மட்டும் எப்படித் தெரியும். சிங்கப்பூர்ல எல்லாம் காசு புடுங்கறதுக்கு எழுதிக் குடுப்பான்

உமா: அண்ணே கொஞ்சம் இருங்க. பேஷன்ட் இருக்காங்க. வந்து சொல்றேன்

கார்த்தி: உமா அத்தை வர்றாங்க, எல்லாரும் காப்பி போட்டு வச்சுக்குங்க

ராஜி: பாலே கீலேன்னு வேண்டாம் பரதநாட்டியம் சேத்து விடுன்னு நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா

கவிதா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சாந்தி: ராஜி இப்ப அது எதுக்கு

முரளி: புத்தூர் கட்டு போட்டா பத்தே நாள்ல எழுந்து நடந்துடும். நம்ம பக்கத்து வீட்டுப் பையனுக்கு கை அப்படித்தான் சரியாச்சு

உமா: வந்துட்டேன். மாமா கட்டெல்லாம் வேண்டாம், இங்க எலும்பு வெலகவே இல்ல, இழுத்து நேராக்க ஒண்ணுமில்ல. யாரும் எண்ணெய் போட்டு நீவவும் கூடாது, அண்ணி முக்கியமா அதப் பாத்துக்குங்க

உமா: அண்ணே, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னா விழுந்து படார்னு ஒடையறது இல்ல. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப பாரம் விழுந்துட்டே இருக்கு, எலும்பும் ராத்திரி பகலா தன்னைத் தானே சரி பண்ணிட்டேதான் இருக்கும், ஆனா அது சரி பண்ணிக்கற வேகத்தவிட அடி வாங்கற வேகம் கூடிப்போச்சுன்னா மயிரிழை மாதிரி விரிசல் விடும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போறது ரொம்ப சகஜம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஆறும்போது அந்த எடத்துல புது எலும்பு படியும், அதுதான் எக்ஸ்ரேல தெரியும். எம்ஆர்ஐல முன்னாடியே தெரிஞ்சுடும். அதனால யாரும் யாரையும் ஏமாத்தல. பாலே ஆடறவங்களுக்கு இந்த ரெண்டாவது மெட்டாடார்சல்ல, அதான் ரெண்டாவது விரலுக்குப் போற பாதத்து எலும்புல, வர்றது பேர்போன விஷயம், ஏன்னா அந்த எலும்போட அடி பக்கத்து எலும்புகளுக்கு நடுவுல ஆப்பு அடிச்ச மாதிரி இறுகி உக்காந்திருக்கு, அசைய எடமே கெடையாது, நுனிவிரல்ல ஏறி நிக்கும்போது உடம்பு பாரம் நேரா அதுலதான் எறங்கும்

ராஜி: அந்த ஷூவுக்குள்ள இரும்புத் தகடு வச்சிருப்பாங்களாமே

கவிதா: இரும்பெல்லாம் இல்ல அண்ணி. துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டி காய வச்சதுதான் முன்னாடி கெட்டியா இருக்கும். ஆட ஆட இளகிடும். மேடைல ஆடறவங்க ஒரே ஷோவுல ஒரு ஜோடிய முடிச்சுடுவாங்க

செந்தில்: வெலய மட்டும் யாரும் கேக்காதீங்க

உமா: ராஜிக்கா, பரதம்னா வராதுன்னு நெனைக்காத. சிமெண்டுத் தரைலயும் மார்பிள்லயும் வெறுங்காலோட தட்டடவு போட்டுப் போட்டு குதிகால், முழங்கால், கெண்டைக்கால் முன்னெலும்புன்னு வலியோட என்கிட்ட எத்தன பொண்ணுங்க வருதுங்க தெரியுமா. அடில இடைவெளி விட்டு கொஞ்சம் அமுங்கிக் குடுக்கற மரத்தரை எத்தன டான்ஸ் கிளாஸ்ல இருக்கு நம்ம ஊர்ல? எந்த டான்ஸ்ங்கறது இல்ல, வலின்னு சொல்ற புள்ளைய ஒக்கார வக்கிறோமா இல்லையாங்கறதுதான்

உமா: என் கணுக்கால் ஞாபகம் இருக்கா யாருக்காவது? வைகாசி உற்சவம். ரெண்டு நாள் முன்னாடி படில மடங்கி இவ்வளவு பெருசா வீங்கியிருந்துச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு, நிறுத்தினா அப்பா பேர் கெட்டுடும்னு ஸ்ப்ரே அடிச்சு க்ரேப் பேண்டேஜ் சுத்தி அதுமேலயே சலங்கையக் கட்டி ஏத்தி விட்டீங்க. இன்னைக்கும் மாடிப்படி எறங்கும்போது அந்தக் கால் வலிக்குது

சிவகுமார்: அது அப்பா எடுத்த முடிவு

உமா: ஸ்ப்ரே வாங்கிட்டு வந்தது நீங்க அண்ணே. சைக்கிள்ல போயி

சாந்தி: சரி சரி

முரளி: 🌹 இன்றைய நாள் இனிய நாளாகட்டும் 🌹

ராஜி: ஏங்க இப்பவா

சிவகுமார்: நான் தப்பா சொல்லல உமா. மனசு தளரக் கூடாதுன்னுதான். சுதா சந்திரன எடுத்துக்க, 1981ல இங்க திருச்சி பக்கத்துல பஸ் விபத்து, ஒரு காலையே எடுக்கற மாதிரி ஆயிடுச்சு, ஜெய்ப்பூர் கால் வச்சு திரும்ப மேடையேறி ஆடினாங்க. அந்த மன உறுதி வேணும் புள்ளைக்கு

கார்த்தி: ஆமாப்பா. பாலேலயே மிஸ்டி கோப்லண்ட் இருக்காங்க. 2012ல கெண்டைக்கால் முன்னெலும்புல ஆறு எடத்துல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், ஆபரேஷன், அடுத்த வருஷம்தான் திரும்ப ஆடினாங்க. 2015ல அமெரிக்கன் பாலே தியேட்டர்ல பிரின்சிபல் டான்சர் ஆயிட்டாங்க. நிலாக்கு அந்த இன்டர்வியூ லிங்க் அனுப்பறேன்

கவிதா: கார்த்தி வேண்டாம்ப்பா தயவுசெஞ்சு. ராத்திரி பூரா போர்வைக்குள்ள போன வச்சு அதேதான் பாக்கறா. பாத்துட்டு அவங்க ஆறிட்டாங்க எனக்கு ஏன் இன்னும் வலிக்குதுன்னு என்னைக் கேக்கறா. நான் என்ன சொல்ல

உமா: அண்ணே, கார்த்தி, ரெண்டு பேர் கதையும் நெசம்தான். ஆனா ரெண்டு பேருமே மாசக்கணக்கா காத்திருந்தாங்க, அந்த மாசங்கள யாரும் வீடியோ எடுக்கல. நிலாவுக்கு இப்ப மன உறுதிக்கு ஒரு கொறையும் இல்ல, வலியோட ஒண்ணரை மாசம் ஆடியிருக்கா பாருங்க. அவளுக்கு வேண்டியது நிறுத்தலாம் பரவால்லன்னு பெரியவங்க யாராவது சொல்றது

சாந்தி: கவிதா நான் பிரண்டைத் துவையல் அரச்சு குடுத்து விடறேன். தெருக்கோடி சேகர் அடுத்த வாரம் சிங்கப்பூர் வர்றான். முருங்கக்கீரை அங்க கெடைக்குதா. கேவுரு மாவும் வறுத்து வச்சிருக்கேன்

கவிதா: கெடைக்குதுக்கா, தேக்கா மார்க்கெட்ல எல்லாம் இருக்கு. நீங்க அரச்சது வேற ருசி, குடுத்து விடுங்க

சிவகுமார்: ஆட்டுக்கால் சூப்பு வாரம் ரெண்டு தடவ

உமா: எல்லாம் குடுங்க நல்லதுதான். அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேணும், 100 கிராம் கேழ்வரகுல சுமாரா 340 இருக்கு, மிச்சத்துக்குப் பால் தயிர் கீரை மீன்னு போகணும். வைட்டமின் டி பாத்தாங்களா அண்ணி? இண்டோர்லயே இருக்கற புள்ளைங்களுக்கு வெயில் ஊர்லயும் கொறயும்

கவிதா: பாத்தாங்க, கம்மியாதான் இருக்கு. மாத்திரை குடுத்திருக்காங்க

உமா: இன்னொண்ணு கேக்கணும் அண்ணி, தனியா மெசேஜ் பண்ணியிருக்கேன் பாருங்க

ராஜி: என்ன தனியா? நாங்க தெரிஞ்சுக்கக் கூடாதா

உமா: டாக்டர் கேக்கற கேள்விக்கா. பொதுவுல எல்லாருக்கும் சொல்றது ஒண்ணு இருக்கு. அவ போட்டோ போட்டா கீழ “ஒல்லியா எவ்வளவு அழகு”ன்னு எழுதறத இன்னையோட நிறுத்துங்க, “குண்டாயிட்ட”ன்னு சொல்றதையும் நிறுத்துங்க. தினம் ரெண்டு மூணு மணி நேரம் ஆடற வளர்ற புள்ளைக்கு சாப்பாடு பத்தலன்னா உடம்பு மொதல்ல எலும்ப கவனிக்கறத விட்டுடும். பூட் போட்டு ஒக்காந்திருக்கும்போதும் கொறைக்கக் கூடாது, ஆறறதுக்கே சாப்பாடு வேணும்

சாந்தி: தீபாவளி போட்டோல நான்தான் எழுதினேன். இனிமே எழுத மாட்டேன்

நிலா: நா இந்த குரூப்ல இருக்கேன்

கார்த்தி: 😳

ராஜி: கண்ணு எப்படிம்மா இருக்கு

செந்தில்: நிலா ஸ்கூல்ல போன் எடுக்கக் கூடாதுல்ல

நிலா: ரீசஸ் பா

நிலா: உமா அத்தை எனக்கு மார்ச்ல எக்ஸாம் இருந்துச்சு. ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் (ஆர்ஏடி) பாலே எக்ஸாம், இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன். டீச்சர் அடுத்த செஷன்ல பண்லாம்னு சொன்னாங்க ஆனா என் கிளாஸ்ல எல்லாரும் இப்ப பண்ணிடுவாங்க. நா மட்டும் சின்ன பசங்களோட திரும்ப. 6 வீக்ஸ் ஆனதும் பாயின்ட் போடலாமா

உமா: தங்கம், ஆறு வாரத்துல பூட் கழட்டறது வேற, பாயின்ட் போடறது வேற. மொதல்ல வலி இல்லாம சாதாரணமா நடக்கணும். அப்பறம் வெறுங்கால்ல நடை. அப்பறம் பார் கம்பியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு கால்லயும் ப்ளியே, முழங்கால மடக்கி, தரைல பாதம் படிஞ்ச மாதிரி. அது ஒத்துக்கிச்சுன்னா டெமி பாயின்ட், குதிகாலத் தூக்கி ரெண்டு கால்ல ஏறி எறங்கறது, அப்பறம் ஒத்தக் கால். அப்பறம்தான் சின்ன ஜம்ப். பாயின்ட் கடைசி. ஒவ்வொரு படிலயும் அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் காலைலயும் வலி எப்படி இருக்குன்னு பாத்துட்டுதான் அடுத்தது. உனக்கு அடிப்பகுதில இருக்கறதால கொஞ்சம் மெதுவாவே போகும்

உமா: இப்ப சும்மா ஒக்காந்திருக்கணும்னும் இல்ல. டாக்டர்ட்ட கேட்டுட்டு பார்ல பண்றதையே தரைல படுத்து ஃப்ளோர் பாரா பண்ணலாம், வயிறு முதுகு இடுப்புக்கு எக்சர்சைஸ், கை அசைவு போர்ட் த ப்ரா எல்லாம். கிளாஸ்க்குப் போயி ஒக்காந்து பாரு, டீச்சர் மத்தவங்களுக்கு சொல்ற கரெக்ஷன எழுதி வை. போக மனசு இல்லாத நாள் போகாத, அதுவும் சரிதான்

நிலா: ஓகே அத்தை

நிலா: தாத்தா ஃபங்ஷனுக்கு நா வரணும். ஆட முடியலன்னு தாத்தா கோச்சுப்பாங்களா

ராஜி: தாத்தாவா? நீ கண்ணு முன்னாடி வந்து நின்னா போதும் அவருக்கு. காலைலகூட கேட்டார் பாப்பா எப்ப வர்றான்னு

ராஜி: பத்திரிகைலேர்ந்து நடனத்த எடுத்துட்டேன்

சிவகுமார்: ஒக்காந்தபடியே அபிநயம் மாதிரி ஏதாவது அஞ்சு நிமிஷம்

உமா: அண்ணே

சிவகுமார்: சரி விடு

முரளி: கோயிலுக்குள்ள அந்த பூட்டோட விடுவாங்களா? செருப்பு கணக்குல வருமே

கவிதா: அதான் எனக்கும் பயம். கழட்டிட்டு வெறுங்கால்ல கல்தரைல நடக்க விட மாட்டேன் நான். பிரகாரம் எவ்வளவு நீளம்

சிவகுமார்: விடமாட்டாங்க. ஆகமம்னு ஒண்ணு இருக்கு

உமா: அது வைத்தியத்துக்குப் போட்டது. ஒடஞ்ச கைக்கு மாவுக்கட்டு போட்டவர உள்ள விடறதில்லையா. புதுசா துணி உறை தச்சு வாசல்ல மாட்டி விட்டா ஆச்சு

ராஜி: சந்நிதி வரைக்கும் வேண்டாம்மா, எனக்கே மனசு ஒப்பல. ஹோமம் நடக்கற எடத்துல நாற்காலி போட்டு ஒக்கார வக்கலாம்

கவிதா: ஓரமா தனியா ஒக்கார வக்கறதுக்கா அவ்வளவு தூரம் கூட்டிட்டு வர்றது அண்ணி

சாந்தி: வீல்சேர்ல தள்ளிட்டுப் போனா? கார்த்தி தள்ளுவான்

கார்த்தி: நான் ரெடி

நிலா: வீல்சேர் எல்லாம் வேணாம் பெரியம்மா எல்லாரும் பாப்பாங்க

செந்தில்: ஏர்போர்ட்ல மட்டும் வீல்சேர் சொல்லிடறேன், திருச்சில நடை அதிகம் இல்ல ஆனா இமிக்ரேஷன் லைன்ல நிக்க முடியாது

உமா: அண்ணா அவ பூட் காத்து அடிக்கற வகையா? அப்படின்னா ஃப்ளைட் ஏறினதும் கொஞ்சம் காத்த எறக்கி விடுங்க, மேல போகப் போக உள்ள இருக்கற காத்து விரிஞ்சு கால இறுக்கும். எறங்கினதும் திரும்ப அடிச்சுக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல ஒக்காந்திருக்கணும், ஓரத்து சீட்டு எடுங்க, விரல அசைச்சுக்கிட்டே வரட்டும்

செந்தில்: காத்து வகைதான். குட்டி பம்ப் இருக்கு

முரளி: வேன் 17 சீட்டரா டிராவலர் 12ஆ? நாளைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்

சிவகுமார்: 17 சொல்லுங்க மாப்பிள்ளை. செந்தில் காதுகுத்துக்கு வர்றேன்னுட்டு கடைசில வராம அன்னைக்கு காலி வேன்ல போனோம், இந்தத் தடவ உறுதியா சொல்லணும்

செந்தில்: அண்ணே அப்ப லீவ் கெடைக்கலன்னு எத்தன தடவ சொல்றது

செந்தில்: வெள்ளிக்கிழமை டாக்டர் பாக்கறார். அவர் சரின்னா அன்னைக்கே டிக்கெட். இல்லன்னா நான் மட்டும் வர்றேன்

நிலா: பா நானும்

ராஜி: வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட் வெல எங்கயோ போயிடும்டா

கவிதா: போனா போகட்டும் அண்ணி

உமா: நிலா, தினம் படுக்கறதுக்கு முன்னாடி வலி பத்துக்கு எவ்வளவுன்னு எனக்கு மட்டும் அனுப்பு. கொறச்சு சொல்லாத. அதிகமா இருந்தா நான் திட்ட மாட்டேன்

நிலா: இப்ப 2. மாடி எறங்கினா 4

உமா: இப்படித்தான் சொல்லணும். கிளாஸ்ல மாடி எறங்காத, லிஃப்ட்ல போ. ஸ்கூலுக்கு அம்மாவ லெட்டர் குடுக்கச் சொல்லு

ராஜி: குருக்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. பூட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு கவிதா, நாளைக்கு நேர்ல போயே காட்டிக் கேக்கறேன்