டிடிஜிஎஸ் தீவனம்: கிடாக்குட்டி முக்கிக்கிட்டே நிக்குது, உதவி வேணும்

தர்மபுரி ஆட்டுக்காரர்:
வணக்கங்க. பரண்ல தலைச்சேரி குட்டிங்க வளர்க்கிறேன். கடலைப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகலைன்னு, எத்தனால் ஆலையிலிருந்து வர்ற மக்காச்சோளச் சக்கை, அதாங்க டிடிஜிஎஸ், வாங்கி, பாதிக்குப் பாதி அரிசித் தவிடு கலந்து வைக்கிறேன். நல்லாத் தின்னுதுங்க, எடையும் ஏறுது. நேத்து சாயங்காலத்திலிருந்து நாலு மாசக் கிடாக்குட்டி ஒண்ணு, காயடிச்சது, முதுகை வளைச்சு முக்குது, கத்துது. கழிச்சல் இல்லை. பெட்டைக் குட்டிங்க எல்லாம் நல்லா இருக்கு. அஜீரணம்தானே? சோடா உப்பு கரைச்சு ஊத்தட்டுமா?

ஈரோடு பண்ணை:
மூட்டையைப் பிரிச்சு மோந்து பாருங்க அண்ணா. மாவுச்சத்து சாராயமாப் போயி மூணுல ஒரு பங்குதான் சக்கையா மிஞ்சுது. சோளத்துல பூஞ்சை நச்சு இருந்தா அதுவும் இதுல மூணு மடங்கா நிக்கும். கட்டி தட்டியிருந்தா குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
சோடா உப்பு ஊத்தாதீங்க. புழுக்கை சரியாப் போட்டுட்டு முக்குதுன்னா மூத்திரம் அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. குறி முடியில வெள்ளையா ஏதாவது ஒட்டியிருக்கா?

தர்மபுரி ஆட்டுக்காரர்:
ஆமாங்க சார், மணல் மாதிரி ஒட்டியிருக்கு, நசுக்கினா நறநறங்குது. மூத்திரம் சொட்டுச் சொட்டாத்தான் வருது.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
கல்லுதாங்க. காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, மூத்திரப்பை வெடிச்சா குட்டி பிழைக்காது. தண்ணியை வலுக்கட்டாயமா ஊத்த வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு போன் போடுங்க, இல்லைன்னா வண்டியில ஏத்திப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. குறி நுனியில புழு மாதிரி ஒரு மெல்லிய குழாய் இருக்கும், பெரும்பாலும் கல் அங்கதான் மாட்டும். அதை டாக்டர் கத்தரிச்சு விடுவார், நீங்க கை வைக்கக் கூடாது.

டிடிஜிஎஸ்ல பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லைன்னே சொல்லலாம். தவிட்டுல பாஸ்பரஸ் அதைவிட அதிகம். ரெண்டையும் சேர்த்தே வச்சிருக்கீங்க. மிஞ்சின பாஸ்பரஸ் மூத்திரத்துல இறங்கிக் கல்லாக் கட்டுது. சோடா உப்பு மூத்திரத்தைக் காரமாக்கும், இந்தக் கல்லு காரத்துலதான் வளரும். பெட்டைக்கு மூத்திரக்குழாய் குட்டை, அகலமும் கூட, அதனால தப்பிச்சுக்கும். சின்ன வயசுலயே காயடிச்ச கிடாவுக்கு அது குறுகலாவே நின்னுடும்.

தர்மபுரி ஆட்டுக்காரர்:
டாக்டர் நுனியைக் கத்தரிச்சாருங்க, உடனே பீச்சி அடிச்சது. ரொம்ப நன்றிங்க சார். மத்த கிடாங்களுக்கு டிடிஜிஎஸ்ஸை நிறுத்திடவா?

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
நிறுத்த வேண்டாம், புரதம் நல்லா இருக்குற தீவனம்தான். அடர்தீவனம் 100 கிலோவுக்கு டிடிஜிஎஸ் 20 கிலோவைத் தாண்டாம வைங்க, தவிட்டை நல்லாக் குறைங்க, உடைச்ச மக்காச்சோளம் சேருங்க. கால்சைட் பவுடர் (சுண்ணாம்புக்கல் மாவு) 2 கிலோ, சாப்பாட்டு உப்பு 1 கிலோ. கால்சியம் பாஸ்பரஸைப் போல ரெண்டு மடங்கு இருக்கணும். வேலிமசாலும் அகத்தியும் தாராளமாப் போடுங்க, அதுல கால்சியம் இருக்கு. தொட்டித் தண்ணி எப்பவும் சுத்தமா இருக்கட்டும். மூத்திரத்தைப் புளிப்பாக்குற அம்மோனியம் குளோரைடு வேணுமான்னு பார்த்த டாக்டரையே கேளுங்க. அந்தக் குட்டிக்கு மறுபடியும் அடைக்கலாம், தனியாக் கட்டி மூத்திரம் போறதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க.