நீலக்குறிஞ்சி நாற்று 350 ரூபாய்: வாங்கலாமா?

மொட்டைமாடி சேலம்:
ஆன்லைனில் "நீலக்குறிஞ்சி நாற்று, ஒரே வருசத்தில் பூக்கும்"னு விற்கிறாங்க. படத்தில் இலை ஊதா நிறம், வெள்ளி பூசின மாதிரி மினுங்குது. நம்ம ஊர் வெயிலுக்கு வருமா?

சோலைப்புல்:
இலை ஊதான்னா அது குறிஞ்சியே இல்லைங்க, பெர்சியன் ஷீல்ட். அதுவும் ஸ்ட்ரோபிலாந்தஸ் இனம்தான், ஆனா மியான்மர் பக்கத்துச் செடி. இலை அழகுக்கு வைப்பாங்க. நீலக்குறிஞ்சி (ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா) இலை பச்சை. எதிரெதிரா இருக்கும், ஓரம் பல்பல்லா, நரம்பு எடுப்பாத் தெரியும்.

"ஒரே வருசம்" கணக்கே உதைக்குது. 12 வருசத்துக்கு ஒரு தடவை கூட்டமாப் பூத்து, விதை விட்டதும் செடி பட்டுப்போகும். மூணாறு, இரவிகுளத்தில் 2006, 2018-ல் பூத்தது. அந்த விதையில் முளைச்சது 2030-ல்தான் பூக்கும். வளர்றதும் 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிச் சரிவில். மூடுபனியும் குளிர் ராத்திரியும் சேலத்து மாடியில் ஏது?

கல்வரை:
சின்னத் திருத்தம்: எல்லா மலைக்கும் ஒரே வருசம் கிடையாது. இடுக்கி சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறையில் 2022-ல் பூத்தது. போறவங்க மலையைப் பார்த்து வருசம் கணக்குப் போடணும்.

நிஜக் குறிஞ்சியாவே இருந்தாலும் வாங்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தாச்சு. பறிக்க, பிடுங்கத் தடை. உரிமம் இல்லாம வளர்க்கவோ விற்கவோ கூடாது.

மொட்டைமாடி சேலம்:
சரி, விட்டுட்டேன். நீலமாப் பூக்கிற வேற செடி?

சோலைப்புல்:
டிசம்பர் பூ. குறிஞ்சிக்குச் சொந்தம்தான், ஒரே குடும்பம். ஜூன், ஜூலையில் முற்றின கிளையில் 15 செ.மீ. துண்டு வெட்டி, கீழ் இலைகளை உருவிட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நடுங்க. செம்மண், மணல், மட்கின எரு சம பங்கு. நாலு வாரம் நிழலில் இருக்கட்டும். துளிர் வந்ததுமே இழுத்துப் பார்க்காதீங்க, தண்டில் இருக்கிற சத்திலேயே துளிர்க்கும், வேர் பின்னாடிதான் வரும். அப்புறம் 12 அங்குலத் தொட்டி. மேல்மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி. தேங்கினா வேர் அழுகி இலை மஞ்சளாகும். பூ முடிஞ்சு பிப்ரவரியில் பாதிக்கு வெட்டிவிடுங்க. ஆகஸ்டுக்கு அப்புறம் கத்தரி வைச்சா மொட்டு வர்ற நுனியே போயிடும்.

கல்வரை:
வாங்கும்போது பூவடியைப் பாருங்க: டிசம்பர் பூவில் புறவிதழ் ஓரம் முள்முள்ளா இருக்கும். அதையும் "குறிஞ்சி"ன்னு சொல்லி விற்கிறவங்க உண்டு.